வாகரைக்கு எடுத்துப் போன காற்று

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். புடவைகளுக்கு நடுவே துண்டில் சுற்றி வைத்திருந்த இரும்பு உருளையைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி தமிழில் சொன்னார்: "இந்தியாவில இருந்து நகை வரும், புடவை வரும், காத்து இப்பதான் வருது எண்டு சொல்றார்." நானும் சிரித்து வைத்தேன். கம்ப்ரஸர் தப்பித்தால் சரி.

கோவையில் என்னுடையது கம்ப்ரஸர் கடை. அப்பா தொடங்கியது, அவருக்குப் பிறகு நான். பஞ்சர் கடையிலிருந்து பல் ஆஸ்பத்திரி வரை காற்று தேவைப்படுகிறவர்கள் இந்தக் கோகிலாவிடம் வந்துதான் தீர வேண்டும் என்று ஒரு கர்வம் எனக்கு உண்டு. இந்தப் பயணம் முதல் நாளே அந்தக் கர்வத்தைப் பதம் பார்த்தது. அது பின்னால் வரும்.

என்னை அழைத்தவள் ரஞ்சினி. போர்க்காலத்தில் அவள் குடும்பம் மட்டக்களப்பிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்தது. பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்ச். பிறகு ஊர் திரும்பிக் கால்நடை மருத்துவம் படித்து, அரசாங்க வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் ஓய்வு பெற்ற விஷயம் மாடுகளுக்குத் தெரியாது. களுதாவளைக் கிராமத்தில் தனியாக இருந்துகொண்டு, ஒரு பழைய ஜப்பான் டீசல் ஜீப்பில் மருந்துப் பெட்டியோடு வாவி என்கிற உப்புநீர் ஏரியின் இரண்டு கரையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் மணலில் அது மட்டும் போதாது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால்தான் அது பரந்து மணல் மேல் நிற்கும், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். மணல் முடிந்ததும் அந்தக் காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பாமல் கல் ரோட்டில் ஓட்டினால் டயரின் பக்கவாட்டு கிழியும். கிழிந்தால் ஸ்டெப்னி ஒன்றுதான், இரண்டாவது கிழிந்தால் நடை.

போன வருஷம் அதுதான் நடந்தது. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைக்கு அப்பால், கடலுக்கும் சதுப்புக்கும் நடுவில் ஒரு மணல் திட்டில் கண்மணி என்கிற பெண் எருமைப் பட்டி வைத்திருக்கிறாள். தயிர் போட்டு விற்றுத்தான் பிழைப்பு. மாரி மழை தொடங்கும்போது எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் வரும். வந்தால் ஒரே நாளில் சாய்த்துவிடும். மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டுவிட்டால் பயமில்லை. ரஞ்சினி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். முதல் மணல் திட்டைத் தாண்டி, காற்று நிரப்ப வழியில்லாமல், தொய்ந்த டயரோடு கல் ரோட்டில் போனாள். இரண்டு டயர் அடுத்தடுத்துக் கிழிந்தன. அன்று இரவே மழை இறங்கி, பட்டிக்குப் போகும் வழியில் வண்டி இறங்கிக் கடக்கும் துறை நிரம்பிவிட்டது. கண்மணியின் எருமைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

"அவ என்னை ஒரு வார்த்தை ஏசல்ல கோகி. ஏசியிருந்தாலும் பரவாயில்ல. அதுக்குப் பிறகு என்ட கோலை எடுக்கிறதே இல்ல" என்று ரஞ்சினி போனில் சொன்னாள். இந்த வருஷம் மழைக்கு முன் எப்படியும் போயே தீருவேன், ஜீப்பிலேயே காற்றடிக்கும் மிஷின் பூட்டியாக வேண்டும், எதைப் பூட்டுவது என்று எனக்குத் தெரியாது, நீ வா என்றாள். நான் வந்துவிட்டேன்.

களுதாவளையில் அவள் வீடு வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவில். போய் இறங்கியதும் புட்டு, எருமைத் தயிர், வாழைப்பழம். எங்கள் ஊரில் தயிர் என்பது சோற்றில் ஊற்றுவது. இங்கே சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டும். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். "இது கண்மணிட தயிர் இல்ல. அவட தயிர் இதவிட நல்லம்" என்றாள் ரஞ்சினி. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

சாப்பிட்ட கையோடு ஜீப்பின் பானட்டைத் திறந்தேன். இரண்டு பேட்டரி. அது எனக்குத் தெரியும், அவள் அனுப்பிய படத்தில் பார்த்திருந்தேன். டீசல் வண்டி, குளிர் தேசத்துக்குச் செய்தது, கிளப்புவதற்குப் பலம் வேண்டும் என்று இரண்டையும் பிளஸோடு பிளஸாகச் சேர்த்திருப்பார்கள், பன்னிரண்டு வோல்ட்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இப்போது வயரைப் பார்த்தேன். ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸில் போய் உட்கார்ந்திருந்தது. மீட்டரை வைத்தேன். இருபத்து நான்கு.

கோவையிலிருந்து கடல் தாண்டி, சுங்கத்தில் சிரிப்பு வாங்கி, துண்டு சுற்றிக் கொண்டுவந்த என் கம்ப்ரஸர் பன்னிரண்டு வோல்ட். அதை இந்த ஜீப்பில் கொடுத்தால் புகைதான் வரும். "என்ன கா, முகம் இப்பிடிப் போயிட்டுது?" என்றாள் ரஞ்சினி. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. மேற்கே பார்த்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. "ஞாயிறு நான் போகணும். மறுகா மழை விழுந்தா ஒண்டும் செய்ய ஏலா" என்றாள். என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு போன் செய்து, மீட்டர் வைத்துச் சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்ப்ரஸர் கடைக்காரி அல்லவா.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காத்தான்குடிக்குப் போனோம். நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதன் இருபுறமும் துணிக்கடை, நகைக்கடை, மறுபடி துணிக்கடை. எங்கள் கோவை ஒப்பணக்கார வீதிக்குப் பேரீச்சமரம் வைத்ததுபோல் இருந்தது. சந்துக்குள் நசீர் நானாவின் கராஜ். ரஞ்சினியின் ஜீப்பை இருபது வருஷமாக உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். "நானா" என்றால் அண்ணன். அவர் என்னைவிட இளையவர், இருந்தாலும் ஊர் முழுக்க அவர் நானா.

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கு ஏன் டொக்டர் இவ்வளவு யோசிக்கிறீங்க? ஒரு பெட்டரில இருந்து மட்டும் வயரை இழுத்துட்டாச் சரி. பன்னிரண்டு வந்துரும். இந்த ஊர்ல எல்லா ஜீப்புலயும் ரேடியோ அப்பிடித்தான் பாடிட்டு இரிக்கி."

"ரேடியோ வேறைங்க நானா, இது வேற. இது குடிக்கிற கரண்ட்டுக்கு ஒரு பேட்டரி காஞ்சு போகும், இன்னொண்ணு பொங்கிப் போகும். நடு மணல்ல ஸ்டார்ட் ஆகலைன்னா நீங்க வந்து தள்ளுவீங்களா?" என்றேன்.

ரஞ்சினி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என்ட வண்டியில வருசா வருசம் ஒரு பெட்டரி மட்டும் சாகிறது ரேடியோவாலயா?"

நசீர் நானா கூரைத் தகரத்தைப் பார்த்தார். "அது... பெட்டரிட தரம் டொக்டர்."

சமாளிக்க அவரிடம் இன்னொரு வழி இருந்தது. பழைய ஏசி கம்ப்ரஸரைக் கழற்றி, எஞ்சின் பெல்ட்டிலேயே ஓட வைத்து, அதையே டயருக்குக் காற்றடிக்கச் செய்வது. மூலையில் நின்ற ஒரு வண்டியில் அப்படிச் செய்து வைத்திருந்தார். காட்டும்போது முகம் மலர்ந்துவிட்டது. உண்மையில் நல்ல வேலைதான், காற்று பொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் ஆகும் என்றேன். ஒரு கிழமை, அதாவது ஒரு வாரம், கூடினால் பத்து நாள் என்றார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் முடியாது என்றோம். அவர் வருத்தப்பட்டார். அதற்குள் ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட, கராஜை மூடிவிட்டு எங்களை அவர் வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அவர் மனைவி எங்களைக் கேட்காமலேயே பாயை விரித்தார். தேங்காய்ப்பால் சோறு, மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பிரட்டல். குழம்பை இங்கே முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்கிறார்கள். மீனை நான் அதிகம் தொடுகிறவள் இல்லை, அன்று தட்டை வழித்தேன். "ஒள்ளம் போடட்டா?" என்று கேட்டுவிட்டு ஒரு அகப்பை போட்டார். ஒள்ளம் என்றால் கொஞ்சமாம். அவர்கள் கொஞ்சத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் சாப்பிடலாம். கடைசியில் முஸ்கட் வந்தது. அல்வாவின் உறவுக்காரி, ஆனால் பிடிவாதம் அதிகம், பல்லை விட மாட்டாள். ரஞ்சினி எதையும் சாப்பிடாமல் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழுகை முடிந்து வந்த நசீர் நானா, வழியிலேயே யோசித்திருக்கிறார். "லொறி சாமான் விக்கிற கடைக்குப் போவம். லொறியெல்லாம் இருபத்து நாலுதானே" என்றார். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

லாரி உதிரிபாகக் கடையில் இருபத்து நான்கு வோல்ட்டில் மூன்று கம்ப்ரஸர் இருந்தன. இங்கேதான் எனக்கு உயிர் வந்தது. முதலாவது பளபளவென்று பிளாஸ்டிக் கூடு, விளக்கு, எண்கள் ஓடும் திரை. பெட்டியின் மேல் காற்றழுத்தத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜீப் டயருக்கு அதில் கால்வாசி போதும். அழுத்தத்தைப் பெரிதாகப் போடுகிறவன் காற்றின் அளவைச் சின்னதாகப் போடுவான். ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்று தரும், ஓய்வில்லாமல் எவ்வளவு நேரம் ஓடும், இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் இரண்டுமே இல்லை.

வாசலில் நின்ற லாரியின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொல்லி, மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். கடைக்காரருக்கு இது புதிது. "அக்கா, புடவை எடுக்கிற மாதிரிப் பாக்குறீங்க" என்றார். புடவையில் நான் இவ்வளவு பார்ப்பதில்லை. பளபளப்பானது கொஞ்ச நேரத்திலேயே கருகல் வாசனை விட்டது. இரண்டாவது ஒற்றைச் சிலிண்டர், மூச்சு வாங்கியது. மூன்றாவது இரட்டைச் சிலிண்டர், உடம்பெல்லாம் உலோகச் செதில், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சுருதியில் ஓடியது. கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது, ஆனால் கையை எடுக்கும் அளவுக்குச் சுடவில்லை. சூடு எல்லை மீறினால் தானே நின்று, ஆறியபின் ஓடும் வசதியும் இருந்தது. இதுதான் என்றேன்.

சனிக்கிழமை பூட்டும் வேலை. எங்கே பூட்டுவது என்பதில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. நசீர் நானா எஞ்சினுக்கு இடப்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்றால், புகைக்குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. வெந்து போகும் என்றேன். நான் வண்டிக்கு அடியில், சட்டத்தின் மேல் வைக்கச் சொன்னேன். குளிர்ச்சி, தாராளம். ரஞ்சினி மறுத்துத் தலையாட்டினாள். "அவடத்த ஏலா. துறையைக் கடக்கக்குள்ள வண்டிட வயிறு நனையும். உப்புத் தண்ணி." அவள் சொன்ன இடம் பின் சீட்டுக்கு அடியில். அங்கே தடுப்பூசி ஐஸ் பெட்டி வைக்க வேண்டும், அதன் பக்கத்தில் சூடான மிஷினா என்று நானும் நானாவும் சேர்ந்து மறுத்தோம். நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கடைசியில் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிட்டு, பானட்டுக்குள் வலப்பக்க உட்சுவரில் உயரமாக இடம் பிடித்தோம். புகைக்குழாய்க்குத் தூரம், தண்ணீருக்கு மேலே. பழைய கட்டில் சட்டத்தை வெட்டித் தாங்கி செய்தார் நானா. அதிர்வு தாங்க, லாரி டயரில் வெட்டிய ரப்பர்த் துண்டுகளை நடுவில் கொடுத்தோம். கனமான வயரை இரண்டு பேட்டரியின் இரு முனையிலிருந்தும் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தேன். வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனால் அங்கேயே அறுந்துவிடும், வண்டி எரியாது. காற்று உறிஞ்சும் வாயை ஒரு குழாயால் நீட்டி வண்டிக்குள்ளே கொண்டுபோனோம், புழுதியும் மணலும் சிலிண்டருக்குள் போகக்கூடாது. ஸ்விட்ச் ஸ்டீயரிங்குக்கு அருகில். பின் சக்கரம் வரை எட்டும் சுருள் ஹோஸ் மட்டும் கோவையிலிருந்து நான் கொண்டுவந்தது. அதையாவது பூட்ட முடிந்ததே.

எஞ்சினை ஓடவிட்டு ஸ்விட்சைப் போட்டதும் அது பாடத் தொடங்கியது. நசீர் நானா காதைச் சாய்த்துக் கேட்டார். "ஏசி கொம்பிரசர் இதவிட நல்லா இருந்திரிக்கும்" என்றார். இரண்டு நாளில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் அது ஒன்றுதான். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலை களுதாவளையில் ஒரு கூத்து. வாசலில் ஜீப்பை நிறுத்தி ஒரு டயரில் காற்றை இறக்கி ஏற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு பக்கத்துத் தோட்டத்து வெற்றிலைக்காரர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "டொக்டர், இதுக்கும் ஒருக்கா." அவருக்குப் பின்னால் ஒரு கைவண்டி. பிறகு இரண்டு சைக்கிள். பிறகு ஒரு கைப்பந்து. பிறகு உழவு இயந்திரத்தோடேயே, அதாவது டிராக்டரோடேயே, ஒருவர். இங்கே கிணற்றில் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ரஞ்சினி ஒவ்வொருவருக்கும் "அதுக்கென்ன, கொண்டாங்க" என்றாள். உழவு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தில் பாதி ஏறும்போது கம்ப்ரஸர் நின்றுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டால் கொதித்தது. சூட்டில் தானே நின்றிருக்கிறது, ஆறினால் ஓடும் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் அது ஆறி மறுபடி ஓடும்வரை பானட்டைத் திறந்து வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடியது. அதற்குப் பிறகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "இந்தப் பயணம் முடியற வரைக்கும் இந்த நாலு டயரைத் தவிர வேற எவன் டயருக்கும் ஒரு பொட்டுக் காத்துக் கிடையாது. ஹோஸ் எங்கிட்டதான் இருக்கும்." உழவு இயந்திரக்காரர் நல்ல மனிதர். என்னைக் கும்பிட்டுவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிறு வெள்ளாப்பில் கிளம்பினோம். விடியற்காலையை அவர்கள் சொல்வது அப்படி. ஐஸ் பெட்டிக்குள் தடுப்பூசி, பின் சீட்டில் இடியப்பப் பொட்டலம், என் மடியில் ஹோஸ். ரஞ்சினி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. வெயில் ஏறும் முன் எருமைகளைப் பட்டியிலிருந்து திறந்துவிட்டுவிடுவார்கள். அவை சதுப்புக்குள் கழுத்தளவு இறங்கிவிட்டால் மாலை வரை எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. யார் மூலமாகவோ கண்மணிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். "வந்தா வரட்டும்" என்று மட்டும் பதில் வந்ததாம்.

முதல் மணல் திட்டில் காற்றை இறக்கினோம், கடந்தோம், கல் ரோடு வந்ததும் நிறுத்தி நிரப்பினோம். போன வருஷம் டயர் கிழிந்த இடத்தைக் கடக்கும்போது ரஞ்சினி கையால் காட்டினாள். நான்கு டயரும் கல்லென்று நின்றன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அது நீடிக்கவில்லை. துறையைக் கடந்து இரண்டாவது மணலுக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொண்டோம். தப்பு என்னுடையது. எல்லாம் நன்றாகப் போகிறதே, காற்றை அதிகம் இறக்கினால் நிரப்ப நேரமாகும் என்று சிக்கனம் பிடித்திருந்தேன். இந்த மணல் மாவு. ஜீப் அச்சு வரை உட்கார்ந்துவிட்டது. இன்னும் இறக்கினோம். மண்வெட்டியால் ஒருத்தி தோண்ட, ஒருத்தி காய்ந்த பனை ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க, இரண்டு கிழவிகள் மணலில் புரண்டோம். "இன்னொரு பக்கம் கா, இன்னொரு பக்கம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அவள் உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. வண்டி வெளியே வந்தபோது சூரியன் தலைக்கு நேரே நின்றது.

"இனி எல்லாம் தண்ணிக்குள்ள இறங்கியிருக்கும்" என்றாள் ரஞ்சினி. ஆனாலும் ஓட்டினாள்.

தாழம் புதரைச் சுற்றித் திரும்பியதும் எருமைகளின் கத்தல் கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. ரஞ்சினி பிரேக்கைப் பிடித்துவிட்டாள். பட்டியின் கம்பு வாசல் சாத்தியபடியே இருந்தது. உள்ளே எருமைகள் பசியும் வெயிலுமாக முட்டிக்கொண்டு நின்றன. வாசலுக்குக் குறுக்கே, கையில் கம்போடு, ஒரு மெலிந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அப்படியே நிற்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது. அவளைச் சுற்றி மண் அவ்வளவு மிதிபட்டிருந்தது.

ரஞ்சினி இறங்கி ஏதோ சொல்லத் தொடங்கினாள். கண்மணி கேட்கவில்லை. "விடியக்குள்ள இருந்து கத்துதுகள். கெதியா குத்துங்க டொக்டர்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஒடுக்கமான கம்பு வழியில் ஒவ்வொன்றாக விட்டாள் கண்மணி. ரஞ்சினி ஊசி போட்டாள். நான் ஐஸ் பெட்டியிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கிடாரி என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனது. ஊசி போட்டவை ஒன்றன்பின் ஒன்றாகச் சதுப்புக்கு ஓடின. கடைசி எருமை போனபின் கண்மணி கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் முதல் துளி விழுந்தது.

"சுறுக்கா போங்க. துறை நிரம்பிரும்" என்றாள். எங்களை அவசரப்படுத்திவிட்டு அவளும் பின்னாலேயே வருவதாகச் சொன்னாள், பிரதான வீதிக் கடைக்குத் தயிர் கொடுக்க வேண்டுமாம். ஜீப்பில் ஏறச் சொன்னோம். தயிர்ச் சட்டி ஜீப்பில் உடையும், சைக்கிள்தான் பழக்கம் என்று மறுத்துவிட்டாள்.

திரும்பும்போது டயர் நன்றாகவே தொய்ந்திருந்தது, மணல் ஒன்றும் செய்யவில்லை. துறையில் தண்ணீர் ஜீப்பின் வயிற்றைத் தொட்டது. கம்ப்ரஸரை அடியில் பூட்ட விடாத ரஞ்சினியை மனசுக்குள் மெச்சினேன். துறை தாண்டிக் கல் ரோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மழையில் நனைந்துகொண்டே நான்கு டயருக்கும் காற்றடித்தோம். ரஞ்சினி மீட்டரைப் பிடிக்க, நான் ஹோஸைப் பிடித்தேன். கடைசி டயர் நிரம்பியபோது கண்மணி வந்து சேர்ந்தாள்.

சைக்கிளை அவள் ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் இருபுறமும் தயிர்ச் சட்டிகள். மணலில் தள்ளினாள் என்றால் சரி, கல் ரோட்டுக்கு வந்தபின்னும் தள்ளிக்கொண்டே போனாள். பின் டயர் தரையோடு தரையாக இருந்தது.

"பஞ்சரா?" என்றாள் ரஞ்சினி.

"இல்ல. டியூப் நல்லம், வால்வு பழசு, ராவோட காத்து இறங்கிரும். பம்ப் உடைஞ்சு கனநாள். சந்திக் கடையில அடிச்சாத்தான் காத்து. இதுல இருந்து சந்திக்கு உருட்டிப் போறதுதான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். வரக்குள்ள ஓடி வருவன்."

ரஞ்சினி என்னைப் பார்த்தாள். ஹோஸ் என் கையில் இருந்தது. நேற்று நான் போட்ட சட்டம் அவளுக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. கேட்கவில்லை அவள். கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. என் பையில் இருந்து சைக்கிளுக்கான சின்ன முனையைத் தேடி எடுத்து ஹோஸில் மாட்டினேன். சைக்கிள் டியூபுக்கு இந்த மிஷினின் வேகம் அதிகம், விட்டால் வெடித்துவிடும். கொஞ்சம் விடுவது, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் விடுவது. பின் டயர், பிறகு கேட்காமலேயே முன் டயர். கண்மணி சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் ஒரு தயிர்ச் சட்டியை அவிழ்த்து ஜீப்பின் முன் சீட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல ரஞ்சினி வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கண்மணி ஏறி மிதித்தாள். சட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மழைக்குள் தூரம் தூரமாகப் போய் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்பில் ஏறியதும் ரஞ்சினி அழுதாள். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து நன்றாகவே அழுதாள். போன வருஷத்திலிருந்து தேக்கி வைத்தது. நான் தயிர்ச் சட்டி சாயாமல் மடியில் வைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினேன்.

சந்தியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். மழை கொட்டியது. என்னோடு கடல் தாண்டி வந்த பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் களுதாவளையில் துண்டுக்குள் கிடக்கிறது, திரும்பிப் போகும்போது அதே சுங்க அதிகாரி பிடித்தால் என்ன சொல்வது என்று நான் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ரஞ்சினியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் வண்டியை ஓரம் கட்டினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் மழைச் சத்தம். பிறகு கண்மணியின் குரல்.

"நான் துறை தாண்டி வீட்டுக்கு வந்திட்டன் டொக்டர். காத்து இன்னும் நிக்குது."